அளக்காத வரிகள்

எம்ஆர்ஐ ஸ்கேன் அறைக்கு வெளியே நிரப்பச் சொல்லித் தரும் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்திருக்கிறதா? பெரும்பாலோர் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். வடசென்னையின் கல்மண்டபம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து வருகிற ஆண்கள் அதை அவ்வளவு சுலபமாகக் கடந்துவிட முடியாது. லேத்துப் பட்டறை, வெல்டிங் கடை, படகு இன்ஜின் ஒர்க்‌ஷாப், கன்டெய்னர் யார்டு என்று ஏதாவது ஓரிடத்தில் சில வருஷமாவது வேலை பார்த்திருப்பார்கள். கிரைண்டிங் போடும்போது கண்ணில் பொறி விழுந்ததும், பக்கத்தில் நின்றவர் துணி முனையைத் திருகி எடுத்துவிட்டதும் அவர்களைப் பொறுத்தவரை ஒரு சம்பவமே இல்லை. கண்ணுக்குள் தங்கிப்போன பொடி இரும்பை அந்தக் காந்தம் அசைத்தால் பார்வை போய்விடலாம். அதனால் சந்தேகம் வந்துவிட்டால் முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே. அதை ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஸ்கேன்.

பெண்களுக்குத் தாமதம் வேறு விதம். தாலியின் தங்கத்தைக் காந்தம் இழுக்காது. சரட்டில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை இழுக்கும். வெறும் கழுத்தோடு படுக்க மனம் வராமல், கூட வந்த அம்மாவிடம் அதைக் கழற்றிக் கொடுப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். பையன்களுக்கு அரைஞாண் கயிற்றில் தாயத்து. அந்தக் குப்பிக்குள் என்ன உலோகம் இருக்கிறது என்று கட்டிவிட்டவருக்கே தெரியாது. இந்தச் சோதனைகளை யாரும் சுருக்கக் கூடாது. 2018 ஜனவரியில் மும்பையின் ஓர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போனவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு இறந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு எம்ஆர்ஐ நேரத்தைக் கால்வாசியாகக் குறைக்கிறது என்று படிக்கும்போது இந்த வாசலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். குறைவது காந்தத்துக்குள் கழியும் நேரம் மட்டும். ஒரு பேச்சுக்கு, ஆளுக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்: படம் எடுக்க இருபது நிமிடம், உடை மாற்றி, ஏற்றிப் படுக்கவைத்து, காயில் என்ற கம்பிச்சுருளைக் கட்டி, இறக்கிவிடப் பத்து நிமிடம். இருபது ஐந்தாகக் குறைந்தாலும் ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். கம்பெனி சொல்லும் நான்கு மடங்கு வேகம் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு மடங்காகத்தான் வந்து சேர்கிறது. அதுவே பெரிய விஷயம்தான். ஆனால் தசை ஸ்கேனைப் பொறுத்தவரை வேகத்துக்கான நியாயம் வரிசையின் நீளத்தில் இல்லை. மேஜையில் படுத்திருப்பவரின் உடம்பில் இருக்கிறது.

தசையை எம்ஆர்ஐ எடுக்க வேண்டிய அவசியம் எங்கே வருகிறது? கல்மண்டபத்திலிருந்து பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் போனால் ஸ்டான்லி. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி என்பதால் பழைய ஆட்களுக்கு அது இன்னமும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’. 1971-ல் மருத்துவர் ஆர். வெங்கடசாமி அங்கே கைக் காயங்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். பிரஸ் மிஷினில் விரலைக் கொடுத்தவர்களும் வின்ச் கயிற்றில் மணிக்கட்டு சிக்கியவர்களும் அன்றாடம் வந்து சேரும் பகுதியில் அது தொடங்கப்பட்டதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 2018-ல் இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் கைகளைப் பொருத்திய அறுவைச் சிகிச்சையும் இங்கேதான் நடந்தது.

கையை ஒட்டவைப்பதிலும் நரம்பைத் தைப்பதிலும் ஒரு கேள்வி கடைசிவரை கூடவே வரும்: தசை இன்னும் உயிரோடு இருக்கிறதா? துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போய் விழுபவருக்குத் தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டு, கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் கிழிந்துவிடுவதுண்டு. நரம்புத் தொடர்பு அற்றுப்போன தசையில் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் நீர்த்தன்மை கூடும். அதற்கென எடுக்கும் எம்ஆர்ஐ படத்தில் அந்தத் தசை மட்டும் வெளுத்துத் தெரியும். மாதங்கள் கடந்தால் நார்களின் இடத்தில் கொழுப்பு வந்து உட்காரும். வெளுத்த தசைக்கு நரம்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் முழங்கை மீண்டும் மடங்க வாய்ப்பு உண்டு. கொழுப்பாகிப்போன தசையில் அந்த உழைப்புக்குப் பெரிய பலன் கிடைக்காது. தோள்பட்டைத் தசைநாண் கிழிந்த சுமைதூக்குபவருக்கும் இதே கணக்குத்தான். தசைக்குள் எவ்வளவு கொழுப்பு ஏறியிருக்கிறது என்று படிநிலை பிரிக்கும் முறையைப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் கூத்தாலியே 1994-ல் சிடி ஸ்கேன் படங்களை வைத்து வகுத்தார். இன்று அதை எம்ஆர்ஐயில் பார்க்கிறார்கள்.

பிறவியிலேயே வரும் தசைச் சிதைவு நோய்களில் எம்ஆர்ஐயின் வேலை இன்னும் நுட்பமானது. அவற்றில் கொடியது டுஷென் வகை. ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. ஓடியாடிய பையன் ஐந்து வயதில் தரையிலிருந்து எழத் தொடையில் கையை ஊன்றி ஏறுவான். பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பாலும் சக்கர நாற்காலி. இந்த நோய்கள் எல்லாத் தசைகளையும் ஒரே சீராகத் தின்பதில்லை. டுஷென்னில் தொடையின் பெருந்தசைகள் கரையும்போது சார்டோரியஸ், கிராசிலிஸ் என்ற இரண்டு மெல்லிய தசைகள் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஜிஎன்இ மயோபதி என்ற வேறொரு நோயில் தொடையின் முன்பக்கத் தசைத் தொகுதி தப்பிவிட, பின்பக்கம் கரைந்திருக்கும். எது கரைந்தது, எது தப்பியது என்ற வரைபடத்தைப் பார்த்தே எந்த மரபணுவில் கோளாறு தேட வேண்டும் என்று அனுபவமுள்ள மருத்துவர் ஓரளவு சொல்லிவிடுவார். தசைத் துணுக்கு வெட்டி எடுக்கும் பயாப்சி எத்தனையோ பேருக்கு இதனால் தவிர்ந்திருக்கிறது.

டுஷென் உள்ள அந்தப் பையன்தான் மேஜையில் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். முழங்கால் மடங்கியபடி இறுகியிருக்கும், நீட்ட வராது. முதுகு வளைந்திருக்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்கும், ஏனென்றால் மூச்சு விடுவதும் தசை வேலைதானே. மற்றக் குழந்தைகளாக இருந்தால் மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைக்கலாம். தசைச் சிதைவு உள்ளவர்களுக்கு அந்த வழியில் ஆபத்து உண்டு. சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தும் மருந்தும், முகர வைக்கும் மயக்க வாயுக்களும் இவர்களின் தசை நார்களை உடைத்து ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். மயக்க மருந்து இல்லாமல், அழாமல், ஒரு குழந்தை அசையாமல் இருக்கக்கூடிய நேரம் பத்து நிமிடம் என்றால், அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஸ்கேன் முடிந்தாக வேண்டும். வேகம் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

எம்ஆர்ஐ ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பது கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம். கேமராவைப் போல அது படத்தை எடுப்பதில்லை. உடம்பில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப் புலத்தில் சுழலும். ரேடியோ அலையால் அவற்றைத் தட்டினால் பதிலுக்கு ஒரு சமிக்ஞை தரும். அந்தச் சமிக்ஞையை வரி வரியாகப் பதிவு செய்கிறார்கள். வரிகள் நிரம்பும் அட்டவணைக்குக் கே-ஸ்பேஸ் என்று பெயர். அதில் ஒரு வரி என்பது படத்தில் ஒரு வரி அல்ல. ஒவ்வொரு வரியிலும் முழுத் தொடையைப் பற்றிய செய்தி கலந்திருக்கிறது: நடு வரிகளில் பெரிய வடிவங்களும் வெளிச்சமும், ஓர வரிகளில் கூர்மையும் நுணுக்கமும். எல்லா வரிகளும் சேர்ந்த பிறகு ஃபூரியே கணக்குப் போட்டால்தான் படம் வரும். ஒரு வரிக்கு நான்கு வினாடி இடைவெளி தேவைப்படும் படத்துக்கு 256 வரிகள் என்றால் 1,024 வினாடி, அதாவது பதினேழு நிமிடம். ஒரே தட்டலில் பதினாறு வரி எடுக்கும் உத்தி வந்ததால் அது ஒரு நிமிடச் சொச்சமாகச் சுருங்கியது. ஆனாலும் இடுப்பு, தொடை, கெண்டைக்கால் என்று தனித்தனியாக, ஒவ்வோர் இடத்திலும் மூன்று நான்கு வகைப் படங்கள் எடுக்கும்போது கூட்டுத்தொகை மறுபடி முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் போய் நிற்கிறது.

தசைக்கு மிக முக்கியமான படத்தின் பெயர் டிக்ஸன். அதற்கான முறையை 1984-ல் முன்வைத்தவரின் பெயர் அது. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனும் கொழுப்பில் உள்ள ஹைட்ரஜனும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. 1.5 டெஸ்லா காந்தத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 220 சுற்று வித்தியாசம். அதனால் சுமார் 2.3 மில்லி வினாடியில் இரண்டும் எதிரெதிரே நிற்கும், 4.6 மில்லி வினாடியில் ஒன்றாகச் சேரும். இந்த இரு தருணங்களிலும் எடுத்த படங்களைக் கூட்டினால் தண்ணீர்ப் படம், கழித்தால் கொழுப்புப் படம். இரண்டையும் வைத்து ஒவ்வொரு தசையிலும் நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு என்று எண்ணாகவே சொல்லிவிடலாம். இந்த எண்தான் மருந்து ஆராய்ச்சியில் அளவுகோலாகிக் கொண்டிருக்கிறது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிவினோஸ்டாட் என்ற டுஷென் மருந்தின் சோதனையில், தொடையின் வெளிப்பக்கத் தசையில் கொழுப்பு ஐந்து சதவீதத்துக்கு மேல் முப்பது சதவீதத்துக்குள் இருந்த சிறுவர்களையே முக்கியமாகக் கணக்கில் எடுத்தார்கள். அந்த அளவும் காந்த அதிர்வு முறையில் எடுத்ததுதான். மெதுவாக நகரும் சில தசைச் சிதைவு வகைகளில் ஓராண்டில் இந்த எண் இரண்டு மூன்று புள்ளிதான் ஏறும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் வரிகளைக் குறைக்க வேண்டும். ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் படம் மடிந்துபோய் வலது தொடை இடது தொடை மேல் ஏறி நிற்கும். 1999-ல் சென்ஸ், 2002-ல் கிராப்பா என்ற முறைகள், உடம்பைச் சுற்றிக் கட்டும் பல காயில்களின் வேறுபாட்டைக் கொண்டு இந்த மடிப்பை விரித்தன. 2007-ல் மைக்கேல் லஸ்டிக், டேவிட் டோனோஹோ, ஜான் பாலி மூவரும் வரிகளை ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டால் மடிப்புக்குப் பதில் படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக இரைச்சல்தான் வரும், அதைக் கணிதத்தால் துடைத்துவிடலாம் என்று காட்டினார்கள். அதன் அடுத்த படியாகச் செயற்கை நுண்ணறிவு வந்தது. துடைக்கும் வேலையைக் கைப்பட எழுதிய சூத்திரத்துக்குப் பதிலாக, ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய நரம்பு வலைப்பின்னலிடம் ஒப்படைத்தார்கள்.

திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கி கரகரக்கும்போது பழகிய பாட்டாக இருந்தால் விட்டுப்போன சொற்களை நம் காதே நிரப்பிக்கொள்கிறது. கேட்டிராத பாட்டென்றால் அதே காது கூச்சமில்லாமல் தப்பான சொல்லைப் போட்டுக்கொள்ளும். இந்த மென்பொருளின் திறமையும் ஆபத்தும் இந்த ஒரே பழக்கத்தில் இருக்கின்றன. நல்ல மென்பொருள்களில் ஒரு காவல் உண்டு: வலைப்பின்னல் ஒவ்வொரு முறை படத்தைத் துடைத்த பிறகும், உண்மையில் அளந்த வரிகளை மீண்டும் அவற்றின் இடத்தில் வைத்துவிடுவார்கள். அளந்ததை அது மாற்ற முடியாது. அளக்காத வரிகளில் என்ன எழுதுகிறது என்பதற்கு அந்தக் காவல் பொறுப்பில்லை.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லாங்கோன் மருத்துவ மையமும் ஃபேஸ்புக்கும் 2018-ல் தொடங்கிய ‘ஃபாஸ்ட் எம்ஆர்ஐ’ திட்டம் முழங்கால் மூலத்தரவை உலகுக்குத் திறந்துவிட்டது. நான்கில் ஒரு பங்கு தரவிலிருந்து உருவாக்கிய முழங்கால் படங்களையும் வழக்கமான படங்களையும் ஆறு ரேடியாலஜிஸ்டுகளிடம் தனித்தனியே காட்டியபோது முடிவுகள் ஒன்றுக்கொன்று ஈடாக இருந்தன என்று 2020-ல் வெளியிட்டார்கள். இன்று ஜிஇ, சீமென்ஸ், பிலிப்ஸ் மூன்றும் இந்த வகை மென்பொருளைத் தங்கள் மிஷின்களோடு விற்கின்றன. ஆக, இது எதிர்காலத்தில் வரப்போகும் விஷயம் அல்ல. சென்னையில் ஒரு தனியார் சென்டரில் மூட்டு வலிக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டவரின் படத்திலும் இது புகுந்து வேலை செய்திருக்கலாம். ரிப்போர்ட்டில் எழுதியிருக்க மாட்டார்கள்.

இதே சென்னையில், தரமணியில் உள்ள ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில், சென்னை ஐஐடியும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து அமைத்த ஹெல்த்கேர் டெக்னாலஜி இன்னொவேஷன் சென்டர் இந்தத் துறையில் வேலை செய்துவருகிறது. மோகனசங்கர் சிவப்பிரகாசம் வழிநடத்தும் இந்த மையத்திலிருந்து 2020-ல் வந்த இரண்டு ஆய்வுகள் நம் ஊர் நிலைமைக்கு நேரடியாகப் பொருந்துபவை. முதலாவது, பாலமுரளி முருகேசனும் சகாக்களும் எழுதிய ‘கேடி-எம்ஆர்ஐ’. நரம்பு வலைப்பின்னல் பெரிதாக ஆக, அதை ஓட்ட விலை உயர்ந்த கணினி வேண்டும். அவர்கள் செய்தது, பெரிய வலைப்பின்னல் ஒன்றை ஆசிரியராக வைத்து, சின்ன வலைப்பின்னலுக்கு அது எப்படிப் பார்க்கிறது என்பதைப் பழக்குவது. முழங்கால் படங்களில் மாணவ வலைப்பின்னல் அளவுருக்களில் 65 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டு, சாதாரணக் கணினிச் சில்லில் ஆசிரியரைவிட இரண்டு மடங்கு வேகமாக ஓடியது. மிஷின் வாங்கிப் பத்து வருஷமான ஒரு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு இந்த மாதிரிச் சின்ன மாணவன்தான் உதவுவான்.

இரண்டாவது, ஸ்ரீபிரபா ராமநாராயணன் முதல் ஆசிரியராக இருந்த ‘மேக்-ரீகான்நெட்’. ஒரு வலைப்பின்னலை மூளைக்குப் பழக்கினால் மூளைக்கு மட்டும்தான் உதவும். நான்கு மடங்கு வேகத்துக்குப் பழக்கினால் எட்டு மடங்கில் தடுமாறும். எந்த உறுப்பு, வரிகளை விடும் விதம் எது, எத்தனை மடங்கு வேகம் என்ற மூன்றையும் உள்ளீடாகக் கொடுத்தால் தன் எடைகளைத் தானே மாற்றிக்கொள்ளும் வலைப்பின்னலை அவர்கள் வடிவமைத்தார்கள். நூறு வகை நோயாளி வரும் ஆஸ்பத்திரியில் உறுப்புக்கு ஒரு மென்பொருள் வைத்துக்கொள்ள முடியாது என்பது தெரிந்தவர்கள் எடுக்கும் வழி இது.

இவர்கள் எதை வைத்துப் பழக்கினார்கள்? உலகம் முழுதும் இந்தத் துறையினர் பயன்படுத்தும் பொதுத் தொகுப்புகளைத்தான். இந்த மையத்தின் ஆய்வுகளில் வரும் இதயப் படத் தொகுப்பு பிரான்ஸின் டிஜோன் நகர ஆஸ்பத்திரியில் எடுக்கப்பட்டது. சென்னையில் எழுதிய மென்பொருள் டிஜோன்வாசிகளின் இதயத்தைப் பார்த்துப் பழகியிருக்கிறது. அதில் ஆராய்ச்சியாளர்களின் குறை எதுவும் இல்லை. பழக்குவதற்குத் தரவைத் திறந்து வைத்தவர்கள் டிஜோன்காரர்கள். கல்மண்டபத்துத் தொடையின் தரவை யாரும் திறந்து வைக்கவில்லை.

தசைச் சிதைவில் இது ஏன் மற்ற இடங்களைவிட அதிகம் உறுத்த வேண்டும் என்பதற்கு வருகிறேன். நோயின் தொடக்க, இடைக் கட்டங்களில் கொழுப்பு ஒரே திட்டாக வருவதில்லை. தசைக்குள் அங்கங்கே பொடிப் பொடியாகத் தெளித்தாற்போல் வரும். ரேடியாலஜிஸ்டுகள் அதைப் பூச்சி அரித்த தோற்றம் என்று சொல்வார்கள். படிநிலை வகுக்கும் அளவுகோலிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. மேலே சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: வரிகளை ஒழுங்கில்லாமல் விட்டால் படத்தில் வருவதும் பொடிப் பொடியான இரைச்சல்தான். ஆரோக்கியமான முழங்காலையும் மூளையையும் பார்த்துப் பழகிய வலைப்பின்னலுக்குத் தசை என்றால் ஒரே சீரான சாம்பல் நிறம். அதில் பொடிப் புள்ளிகளைக் கண்டால் துடைப்பதுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்த வேலை. நோயையும் அழுக்கையும் பிரித்தறிய வேண்டிய இடத்தில் இரண்டும் ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன. முழங்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்ற கேள்வியில் இந்தச் சங்கடம் இவ்வளவு கூர்மையாக இல்லை.

எதிர்த் திசையிலும் பிழை வரும். ஃபாஸ்ட் எம்ஆர்ஐ குழு 2020-ல் நடத்திய போட்டியில் முன்னணியில் வந்த மூளைப் படங்கள் சிலவற்றில், நோயாளியிடம் இல்லாத ரத்தக்குழாய் போன்ற ஒன்றை வலைப்பின்னல் வரைந்திருந்ததை ரேடியாலஜிஸ்டுகள் கண்டுபிடித்தார்கள். அறுவைச் சிகிச்சையில் போட்ட உலோகத் தையல்களின் குறுக்கீடு அதைக் குழப்பியிருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். படம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் சந்தேகப்படுவார். இது மங்கவில்லை. பழைய முறைகள் தோற்கும்போது தோற்றது கண்ணுக்குத் தெரிந்தது. இது பளிச்சென்ற படத்தோடு தோற்கிறது. அதே ஆண்டில் வேகார்ட் அன்டுன், ஆண்டர்ஸ் ஹேன்சன் முதலானோர் வெளியிட்ட ஆய்வு, உள்ளீட்டில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறு மாற்றம் செய்தாலும் சில வலைப்பின்னல்களின் படம் வெகுவாகக் கலைந்துபோவதைக் காட்டியது.

என் பார்வையில், தசை எம்ஆர்ஐக்கான வேக மென்பொருளைப் படம் அழகாக இருக்கிறதா, ரேடியாலஜிஸ்ட் ஏற்கிறாரா என்ற தேர்வோடு விட்டுவிடக் கூடாது. அது எண் தேர்விலும் தேற வேண்டும். ஒரே நோயாளியை ஒரே நாளில் முழு நேர முறையிலும் வேக முறையிலும் எடுத்து, தசைக்குத் தசை கொழுப்பு விகிதத்தை ஒப்பிட வேண்டும். வேக முறை ஒன்றரைப் புள்ளி குறைத்துச் சொன்னால், ஓராண்டில் இரண்டு புள்ளி ஏறும் நோயில் அது முக்கால் வருஷத்து நோயை மறைத்த கணக்காகும். மருந்து வேலை செய்கிறது என்று தவறாக நம்பிக் குடும்பம் கடன் வாங்கும். ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் இந்தத் தேர்வு வைத்துப் பயனில்லை. சில பொருத்தமற்ற எண்கள் செயற்கை நுண்ணறிவின் குற்றமும் அல்ல. டிக்ஸன் கணக்கே சில சமயம் தண்ணீரையும் கொழுப்பையும் இடம் மாற்றிப் போட்டுவிடும். அனுபவமுள்ள டெக்னீஷியன் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

இந்தத் தேர்வை நடத்தவும், நம் தசைகளுக்கு மென்பொருளைப் பழக்கவும் வேண்டியது கே-ஸ்பேஸ் மூலத்தரவு. இங்கேதான் பெரிய ஓட்டை. ஸ்கேன் முடிந்ததும் சேமிக்கப்படுவது இறுதிப் படம் மட்டும். மூலத்தரவு மிஷினின் கணினியில் கொஞ்ச காலம் தங்கும். அடுத்தடுத்த நோயாளிகளின் தரவு வர வர, பழையது அழியும். ஓர் ஆளுக்குப் பல ஜிகாபைட் என்பதால் யாரும் அதை எடுத்து வைப்பதில்லை. சேமித்த படத்திலிருந்து கணக்கைத் தலைகீழாகப் போட்டு மூலத்தரவைச் செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். எஃப்ராட் ஷிம்ரோன், லஸ்டிக் முதலானோர் 2022-ல் அதைத் ‘தரவுக் குற்றம்’ என்றே எழுதினார்கள். இறுதிப் படம் ஏற்கெனவே துடைத்து, நிரப்பி, சுருக்கி வந்தது. அதிலிருந்து திருப்பிச் செய்த தரவில் எந்த மென்பொருளும் தன் உண்மைத் திறமைக்கு மேல் மதிப்பெண் வாங்கும். ஆஸ்பத்திரியின் அசல் தரவில் வந்து தடுக்கி விழும்.

தமிழ்நாட்டில் இந்த ஓட்டையை அடைக்க ஒரு வசதி இருக்கிறது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலுக்குப் பேர்போனது. அதே கழகம்தான் அரசு ஆஸ்பத்திரிகளில் சிடி, எம்ஆர்ஐ சென்டர்களையும் நிர்ணயித்த கட்டணத்தில் நடத்துகிறது. எம்ஆர்ஐக்கு நெடுங்காலம் 2,500 ரூபாயாக இருந்தது. காப்பீட்டுத் திட்டத்தில் வருபவர்களுக்கு அதுவும் இல்லை. பல ஊர் மிஷின்களை ஒரே நிர்வாகம் நடத்துவதால், தசை நோயாளிக்கு எந்த வரிசையில் எந்தப் படங்கள் எடுப்பது என்று மாநிலத்துக்கு ஒரே முறையை வகுத்து உத்தரவு போட அதனால் முடியும். தனியார் சென்டர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எடுக்கும் ஊர்களில் இது நடக்காத காரியம்.

இதற்கு எதிராக வரும் நியாயமான கேள்வி, நோயாளியின் சம்மதம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவுக்கென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் அதே ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளும் இதைப் பேசுகின்றன. சட்டம் இருக்கிறது என்பதோடு வேலை முடியவில்லை. தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பேர் கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் ஐந்து பக்கத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. அங்கே தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவரிடம், ‘இதை எங்கேயாவது வித்துடுவீங்களா?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். தரவைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு அதே மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கும் ஏற்பாடாக இருந்தால் அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது.

இன்னொரு நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படம் எடுப்பதோடு தசை ஸ்கேன் முடிவதில்லை. கொழுப்பு விகிதம் எடுக்கத் தொடையில் ஒவ்வொரு தசையின் ஓரத்தையும் வெட்டு வெட்டாகக் கையால் வரைய வேண்டும். கவனமாகச் செய்தால் ஒருவரின் இரு கால்களுக்கு மணிக்கணக்கில் ஆகும். அரசு ஆஸ்பத்திரி ரேடியாலஜிஸ்டுக்கு அந்த நேரம் கிடைக்காது. அதனால் எண் எடுக்கப்படாமல், ‘கொழுப்பு மாற்றம் காணப்படுகிறது’ என்ற ஒரு வரியோடு ரிப்போர்ட் போய்விடுகிறது. இந்த வரையும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு நிமிடங்களில் செய்கிறது. பிழை செய்தால் கோடு தசையை விட்டு விலகியிருப்பது திரையிலேயே தெரியும், கையால் திருத்திவிடலாம். எனவே நம் ஆஸ்பத்திரிகளில் முதலில் வர வேண்டியது படத்தை வேகமாக்கும் மென்பொருளா, படத்தை அளக்கும் மென்பொருளா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதலாவதை வாங்கும்போது அது சரியான எண் தருகிறதா என்று பரிசோதிக்கவும் இரண்டாவது கையில் இருந்தாக வேண்டும்.

தொடக்கத்துக்குப் பெரிய பணம் தேவைப்படாது. தசைச் சிதைவுக்காக வரும் முதல் ஐம்பது பேரிடம் சம்மதம் கேட்டு, படுத்திருக்க முடிந்தவர்களுக்கு மட்டும் டிக்ஸன் படத்தை முழு வரிகளோடு எடுத்து, மூலத்தரவு அழியுமுன் அதை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். வரிகளை வேண்டுமளவு விட்டுவிட்டுச் சோதிப்பதைப் பிறகு தரமணியில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம்; அதற்காக நோயாளி இன்னொரு முறை மேஜையில் ஏற வேண்டியதில்லை. மாற்றும் வேலைக்கு டெக்னீஷியனுக்கு ஒவ்வொரு நாளும் ஷிஃப்ட் முடிந்த பிறகு கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குச் சம்பளம் யார் தருவது என்பதை உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது வாரம் டிஸ்க் அலமாரிக்குப் போய்விடும்.